கண் வெட்டுகிறவள் வீட்டில் ஒரு கர்ப்பம்

கூ சாய்ஹோங் பார்த்துவந்த வேலை, தாய் நண்டுகளின் கண்ணை வெட்டுவது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளித்தவர்களே சாயங்காலம் அந்தக் கடலோர ஊரான லின்பியானின் சந்தையில் சிவந்த சினை நிறைந்த பெண் நண்டாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டும் போவார்கள். சாய்ஹோங் யாரோடும் வாதாடுவதில்லை. "ரெண்டு கண்ணும் இல்ல, ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

ஐஸ் தண்ணீரில் கிடந்த நண்டு மரத்துப்போய் இருக்கும். அதை ஓட்டின் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, நெருப்பில் காய்ச்சிய கத்தரியால் ஒரு கண்காம்பை அடியோடு நறுக்குவாள். சூட்டிலேயே காயம் மூடிக்கொள்ளும். பிறகு தொட்டியில் விட்டால் அது மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அடுத்ததை எடுப்பாள்.

ஏன் வெட்ட வேண்டும் என்பதை வெகுகாலத்துக்கு முன்பு மீன்வளத்துறை ஆள் ஒருவர் வந்து சுவரில் படம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். கண்காம்புக்குள்ளே குட்டியாக ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வருகிற ஹார்மோன்கள் நண்டின் உடம்பு முழுக்க ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருக்கும்: பொறு, இப்போது ஓட்டைக் கழற்றாதே, பொறு, இப்போது சினை வைக்காதே. ஒரு கண்ணை எடுத்துவிட்டால் அந்தக் குரல் பாதியாகிவிடும். பருவத்துக்கு வந்து, ஆண் நண்டோடு சேர்ந்த பெண் என்றால் மளமளவென்று சினை பிடிக்கும். பருவத்துக்கு வராத குட்டியை வெட்டினாலோ சினைக்குப் பதில் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மெத்தென்று கிடக்கும். கூட இருக்கிற நண்டுகள் அதைத் தின்றுவிடும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய அந்த உடம்பில் சத்து இல்லை. அதனால் வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் புரட்டி வயிற்று மடலைப் பார்க்க வேண்டும். மடல் முக்கோணமாக இருந்தால் சிறுமி. அகன்று வட்டமாக இருந்தால் பெரியவள். சாய்ஹோங் இதில் ஒருநாளும் தவறியதில்லை.

கடலில் இருக்கிற நண்டுக்கு அவசரம் கிடையாது. அவசரமெல்லாம் நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிற முதலாளிக்கு, எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுகிறவருக்குத்தான். அவர் பெயர் ஆங். சாய்ஹோங்கைவிடச் சின்னவர், வெற்றிலைப் பாக்கால் பல் சிவந்தவர், கெட்ட மனிதர் இல்லை.

சாய்ஹோங்குக்கு அலுப்பு எலும்புவரைக்கும் இறங்கியிருந்தது. வலது மணிக்கட்டு காலையில் எழுந்ததும் மடங்காது. அவள் உடம்பிலும் ஏதோ ஒரு ஹார்மோன் கடையைச் சாத்திக்கொண்டிருந்த வயது. தொட்டியோரம் நிற்கும்போதே முகம் தீயாய்க் காயும், கழுத்து வழியாக வேர்வை ஊற்றும், நண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஐஸ் பெட்டியில் தன் தலையை வைத்துக்கொண்டால் என்ன என்று இருக்கும். புருஷன் வாய்ப் புற்றுநோயில் போய் வருடங்கள் ஆயிற்று. ஒரே மகன் குவான்யோ அதே பொரிப்பகத்தில் வண்டி ஓட்டினான். மருமகள் யீஜென் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலைப் பலகாரக் கடையில் முட்டை அடை சுட்டாள். மூன்று பேரும் ஆளுக்கொரு நேரத்தில் வந்து ஆளுக்கொரு நேரத்தில் தூங்கிப்போகிற வீடு.

யீஜெனுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. இரண்டாவது முறை அவளுடைய அம்மா நல்லெண்ணெய்க் கோழிச் சாறு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் சாய்ஹோங்கின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளத்தாச்சி இருக்கற வீட்ல கத்தரிய தொடக் கூடாதும்பாங்க. நீங்க நாள் பூரா உசுரோட கண்ண வெட்டிட்டு வந்து, அதே கையால அவளுக்குச் சோறு போடறீங்க."

"குவான்யோவ வயித்துல வெச்சுக்கிட்டே எறாலுக்குக் கண்ணு வெட்டினவ நான். அவன் முழுசாத்தான பொறந்தான்" என்றாள் சாய்ஹோங்.

சம்பந்தி ஜன்னல் வழியாக மருமகனைப் பார்த்தாள். பெட்ரோல் போட மறந்துவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று அவன் அதை உதைத்துக்கொண்டிருந்தான்.

"முழுசாத்தான் பொறந்தாரு" என்றாள் சம்பந்தி, இழுத்தபடி.

சாய்ஹோங் அன்று சிரித்துவிட்டாள். ஆனால் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாய் நின்றுவிட்டது. கரு தங்கிய வீட்டில் கருச்சாமியும் வந்து தங்கும். இன்று கதவில் இருக்கும், நாளை அடுப்பில் இருக்கும், மறுநாள் கட்டிலில் இருக்கும். எங்கே இருக்கிறது என்று தெரியாததால் வீட்டுக்காரர்கள் யாரும் எதையும் வெட்டவோ, ஆணி அடிக்கவோ, கனத்த சாமானை நகர்த்தவோ கூடாது. சாமி மேல் பட்டது பிள்ளை மேல் படும். அதோடு மூன்று மாதம் முடியும்வரை வெளியாளிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் சாமி கோபித்துக்கொண்டு வந்த வழியே போய்விடும். தன் காலத்தில் சாய்ஹோங் இதையெல்லாம் பார்த்ததில்லை. ஏழை வீட்டுக்கு வருகிற சாமிக்குச் சகிப்புத்தன்மை அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது, இரண்டு பிள்ளைகள் போன பிறகு, அப்படி நினைக்கத் தைரியம் வரவில்லை.

மழைக்கு முந்தின மாதம் ஒருநாள், சமையற்கட்டில் யீஜென் அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அத்தே."

"ம்."

"தள்ளிப் போயிருக்கு."

சாய்ஹோங் அடுப்பை அணைத்தாள். "டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். நின்னுருக்குங்கறார். போன ரெண்டு தடவையும் ஹார்மோன் கம்மியாம், அதான் நிக்கலையாம். கர்ப்பத்தப் புடிச்சு வைக்கிற ஹார்மோன்னு ஒண்ணு இருக்காம். மாத்திர குடுத்திருக்கார்."

"அது எங்க சொரக்குது? கண்ணுலயா?"

"வயித்துலதான் அத்தே."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா அதுக்கும் ஒருத்தி கத்தரியோட வந்திருப்பா."

யீஜென் சிரிக்கவில்லை. அவள் கண் சாய்ஹோங்கின் கைகள் மேல் போய் நின்று, திரும்பிவிட்டது. வெட்டாதீர்கள் என்று அவள் வாயால் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் நம்பினார்கள். கருச்சாமியையும் நம்பினார்கள். ஒன்றை நம்பினால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்று அந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

இந்தப் பிள்ளை நிற்கிறவரைக்கும் கத்தரியைத் தொடுவதில்லை என்று சாய்ஹோங் முடிவு செய்தாள். தவுக்கேயிடம் காரணம் சொல்ல முடியாது. வெட்டவும் கூடாது, சொல்லவும் கூடாது. எல்லாச் சாமியும் இப்படித்தான், ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவையும் சேர்த்துச் சாத்தும்.

அந்த வாரமே புதிய தாய் நண்டுகள் வந்து இறங்கின. வைக்கோல் கயிற்றால் இடுக்கி கட்டப்பட்டு, கூடையில் அடுக்கடுக்காக நுரை கக்கிக்கொண்டிருந்தன. தவுக்கே ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கக்கா. ஒவ்வொண்ணும் தேர்ல வர்ற மாசோ அம்மன் மாதிரி இல்ல?"

சாய்ஹோங் வாங்கிப் புரட்டினாள். மடல் வட்டமாக, அகலமாக, ஓரத்தில் மயிர் கட்டியிருந்தது. இதைவிடப் பக்குவமான நண்டு கிடைக்காது.

"இன்னும் ஆகல தவுக்கே" என்றாள்.

"என்னக்கா ஆகல? வட்டமாத்தான இருக்கு?"

"வட்டம் மாதிரி இருக்கு. இன்னொரு தடவ ஓடு கழட்டுனாத்தான் பெரியவ. இப்ப வெட்டுனா சினை வராது, சட்டையத்தான் கழட்டிப் போடும்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

தவுக்கே பாக்கைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். இத்தனை காலத்தில் அவள் பொய் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் நம்பினார். "அப்ப சரி. காத்திருப்போம். கட்டு அவுத்து விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் அது பாதியில்தான் நிற்கும். சாய்ஹோங் முதல் பாதியை மட்டுமே யோசித்திருந்தாள். தவுக்கே வேலை தெரிந்தவர் என்பதை மறந்துபோனாள். பெண் நண்டு கடைசிச் சிறுமி ஓட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்று இருக்கும்போதுதான் ஆண் அதோடு சேரும். கழற்றப் போகிற பெண்ணை ஆண் முன்கூட்டியே அணைத்துக் காவல் காக்கும். ஓடு கழற்றப்போகிற பெண்கள் என்று கெட்டிக்காரி ஒருத்தி சொன்னால், தொட்டியில் ஆண்களை விடுவதுதானே முறை? அவரும் முறைப்படி விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் சாய்ஹோங் வந்து எட்டிப் பார்த்தபோது தண்ணீரில் கால்கள் மிதந்தன. அந்தப் பெண்கள் ஏற்கெனவே சேர்ந்தவர்கள். கல்லாய் இறுகிய ஓட்டுக்காரர்கள். ஆண் கிட்ட வந்தால் விடுவார்களா? இரண்டு பக்கமும் இடுக்கியால் கிழித்துப் போட்டிருந்தன. ஒரு தாய் நண்டு மல்லாந்து கிடந்தது. அதன் ஓடு பிளந்து உள்ளே சினை தொடங்கியிருந்தது மஞ்சளாகத் தெரிந்தது. கத்தரி படாமல் காப்பாற்றப் போய் இப்படி ஆயிற்றே என்று மிதந்த கால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

தவுக்கே அந்தச் செத்த நண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மகன் குவான்யோ பின்னால் நின்றான். அவனுக்கும் எல்லாம் தெரியும், அவனுக்கும் வாய்ப்பூட்டு.

"சினை இருக்கே அக்கா. ஆகலன்னு சொன்னீங்க. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல தவுக்கே. வயசாச்சு."

"நேத்து தூரத்துல போன கொக்கப் பாத்து ஆணா பொண்ணான்னு சொன்னீங்க." அவர் குரல் தணிந்தது. தணிந்ததுதான் பயமாக இருந்தது. "பக்கத்துப் பொரிப்பகத்துக்காரன் எதாச்சும் குடுத்து இப்படிப் பண்ணச் சொன்னானா? அப்படின்னா நேராச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ணிர மாட்டேன்."

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவரோடு வெள்ளம், புயல், நோய் எல்லாம் பார்த்தவள். கால்மாட்டில் கிடந்த வைக்கோல் கயிறுகளைக் குனிந்து சுருட்டத் தொடங்கினாள்.

"சரி, நீங்க உக்காருங்க" என்றார் தவுக்கே. "குவான்யோ, இங்க வாடா. ஒங்கம்மா பண்றத பாத்துருக்க இல்ல? மிச்சத்த நீ வெட்டு."

குவான்யோ அம்மாவைப் பார்த்தான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். அவன் கத்தரியை எடுத்து நெருப்பில் காட்டினான். பிள்ளையைப் பெறப்போகிற அப்பன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, உயிருள்ளதன் கண்ணை வெட்டப் போகிறான். சாய்ஹோங் எழுந்துபோய்க் கையை நீட்டினாள்.

"குடுடா."

"அம்மா, வேணாம்."

"ஒனக்குப் பழக்கம் இல்ல. நண்டு செத்துரும். குடு."

மத்தியானம்வரைக்கும் வெட்டினாள். வழக்கமாக வெட்டும்போது அவள் பேசுவதில்லை. அன்று மட்டும் ஒவ்வொரு நண்டையும் கையில் எடுத்து, உதடு அசையாமல் ஒன்றே சொன்னாள்: "இந்தப் பாவத்த என் தலையில போடு. என் வீட்டு மேல போடாத." முகம் காய்ந்து வேர்வை கண்ணில் வழிந்ததால் அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அழத்தான் செய்தாள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து இரண்டு துணியைப் பையில் திணித்தாள்.

"பொரிப்பகத்து மோட்டார் ரூம்ல தங்கிக்கறேன்" என்று யீஜெனிடம் சொன்னாள். "தாய் நண்டுக்கு ஆளு வேணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"முட்ட விடற வரைக்கும்."

சாய்ஹோங்கின் கணக்கு வேறு. கத்தரி பிடிக்கிறவள் அந்த வீட்டில் குடியே இல்லை என்று ஆக்கிவிட்டால் கருச்சாமி எந்த வழக்கைப் போட முடியும்? இது சாமியை ஏமாற்றுகிற வேலைதான். அவளுக்கும் தெரியும்.

மோட்டார் அறையில் தூக்கம் என்று ஒன்று வரவில்லை. பம்பு ஓடும் சத்தம் பல்லுக்குள் கேட்டது. விடிந்ததும் அங்கிருந்த சின்ன அடுப்பில் பால்மீன் கஞ்சி வைத்து, பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். உள்ளே போகமாட்டாள். நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி லின்பியான் தாழ்ந்துகொண்டே போக, சாலையை மட்டும் உயர்த்திக்கொண்டே வந்தார்கள். அதனால் சாலையில் நின்றால் அவர்கள் வீட்டு ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருக்கும். சாய்ஹோங் சாலையோரம் குந்தி, கம்பிக்குள் கையை விடாமல் பாத்திரத்தை ஜன்னல் திண்டில் வைப்பாள். யீஜென் உள்ளிருந்து எடுத்துக்கொள்வாள். போகிறவர்கள் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்றே எண்ணிக்கொண்டார்கள். எண்ணட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலையில் பாத்திரத்தை எடுக்க யீஜென் வரவில்லை. சாய்ஹோங் குனிந்து பார்த்தாள். அவள் கட்டிலில் படுத்திருந்தாள், காலுக்கடியில் தலையணை.

"என்னடி?"

"நேத்து லேசா ரத்தம் பட்டுச்சு, அத்தே. அவர்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஹார்மோன் ஊசி போட்டு, அசையாமப் படுன்னு அனுப்பிட்டாங்க."

"நின்னுருச்சா?"

"இன்னும் சுத்தமா நிக்கல."

"அவன் எங்க?"

"தைபேய்க்கு வண்டி எடுத்துட்டுப் போயிருக்கார். லீவு கேட்டா ஏன்னு சொல்லணுமே."

சாய்ஹோங் ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒங்கம்மாவக் கூப்புடறேன்."

"வேணாம். அவங்க வந்தா ஒங்களத்தான் பேசுவாங்க. நீங்க உள்ள வாங்க."

"நான் வரக் கூடாதும்மா. ஒனக்குத் தெரியாதா? அன்னைக்குக் கூடை கூடையா வெட்டிருக்கேன்."

"தெரியும். அவர் சொன்னார். உள்ள வாங்க."

"மாட்டேன்."

யீஜென் ஒரு காலைத் தரையில் வைத்தாள். பிறகு மறு காலை வைத்தாள். எழுந்து நின்று, கட்டிலின் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றினாள். முகம் சாம்பலாய் இருந்தது.

"நீங்க இப்ப உள்ள வரலன்னா இந்தக் கட்டில நான் சுவர் ஓரமா நகத்துவேன்."

கர்ப்பிணி படுக்கிற கட்டிலை நகர்த்துவதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. கத்தரியாவது பொரிப்பகத்தில் இருந்தது. இது வீட்டுக்குள், அவளே, சாமியைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. சாய்ஹோங் செருப்பைச் சாலையிலேயே விட்டுவிட்டு, படி இறங்கி, கதவைத் திறந்து, அறைக்குள் வந்து நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"படு. மொதல்ல படு."

யீஜென் படுத்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா அத்தே?"

"சொல்லு."

"எங்கம்மா சொன்னத நான் நம்புனேன். ரெண்டு தடவையும் ஒங்களாலதான்னு நெனச்சேன். டாக்டர் இவ்ளோ சொன்னப்புறமும் இன்னும் கொஞ்சம் நம்பறேன். பொய் சொல்ல மாட்டேன்."

சாய்ஹோங் தலையை ஆட்டினாள். அவளும் நம்பினாள்.

"ஆனா போன தடவ போனப்ப நீங்க வீட்ல இல்ல. எதோ நண்டு முட்ட விடுதுன்னு போயிட்டீங்க. அவரும் வண்டில இருந்தார். நான் பாத்ரூம்ல ஒக்காந்து தனியா அழுதேன். அதுதான் எனக்கு ஆறல. கத்தரி இல்ல."

சாய்ஹோங்குக்கு அந்த நாள் நினைவிருந்தது. நல்ல பெரிய முட்டைக் கொத்து, தவுக்கே தட்டிக்கொடுத்தார். இரவு வந்து பார்த்தபோது மருமகள் தூங்குகிறாள் என்று நினைத்து விளக்கை அணைத்தாள்.

"இது நின்னா நிக்கட்டும், போனாப் போகட்டும்" என்றாள் யீஜென். "தனியா மட்டும் என்னால இன்னொரு தடவ முடியாது."

சாய்ஹோங் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். யீஜென் அதில் ஒன்றை எடுத்துத் தன் இடுப்பின் மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மணிக்கட்டு வலித்தது. அசைக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

போன் அடித்தது. தவுக்கே.

"அக்கா, எங்க போனீங்க? நீங்க வெட்டுனதுல ஒண்ணு மணல் தட்டுல ஏறி ஒக்காந்துருச்சு. முட்ட விடப் போகுது. ஓடி வாங்க, காத்துக் குழாயெல்லாம் நீங்கதான் பாக்கணும்."

"வரல தவுக்கே."

"என்னக்கா வரல? ஒங்க கை பட்ட நண்டு. நீங்க பாக்காம யாரு பாப்பா?"

"அது பாத்துக்கும். எனக்கு வீட்ல வேல இருக்கு."

"என்ன வேல?"

சாய்ஹோங் மருமகளைப் பார்த்தாள். மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

"ஒக்காந்துருக்கற வேல" என்று சொல்லிவிட்டு, போனைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.